வயிற்றுப் பூச்சியும் வயிற்றுப் பாக்டீரியாவும்

கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்கு வயிறு உப்பினால், பாட்டிமார் முதலில் கேட்பது "பூச்சி மருந்து கொடுத்தியா?" என்றுதான். நியாயமான கேள்வி. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சினால் சோகை வரும், பிள்ளைக்குப் படிப்பில் மனம் நிற்காது.

ஆனால் 2014-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு யோசிக்க வைத்தது. மலேசியாவின் இரண்டு ஒராங் அஸ்லி கிராமங்களில் 51 பேரின் மலத்தைச் சோதித்தார்கள். (முகம் சுளிக்காதீர்கள், குடலின் கதை அதில்தான் இருக்கிறது!) 36 பேருக்குக் குடலில் புழு. அவர்களிடம்தான் பாக்டீரியா வகைகளும் அதிகம். 2016-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்விலோ, பூச்சி மருந்து கொடுத்தபின் குடலில் சில பாக்டீரியா இனங்கள் குறைந்தன, வேறு சில பெருகின.

அதற்காகப் பூச்சியை வளர்க்கலாமா? கூடவே கூடாது. பூச்சி மருந்து கொடுத்தே ஆக வேண்டும். காரணமில்லாமல் அந்தப் பாக்டீரியாக் கூட்டத்தை அழிப்பதுதான் தப்பு. மலைக்குளிரில் பிள்ளைக்குச் சளி பிடிக்கிறது. பெரும்பாலும் அது வைரஸ் வேலை. ஆண்டிபயாட்டிக் மாத்திரைக்கு அசையாது. சாவது வயிற்றில் நார்ச்சத்தைச் செரித்துக் கொடுக்கும் நல்ல பாக்டீரியாதான். போன முறை மிச்சமான மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் அம்மாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். கேட்டால், "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நல்லாக் கேட்டதே!" என்கிறார்கள்.