குட்டிக்குப் பார்வோ, கையில் காசில்லை: முதல் நாளே செய்ய வேண்டியவை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்ல. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் நம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நான்கு குட்டிகள் இருந்தன. ஒரே வாரத்தில் மூன்று இறந்துவிட்டன. "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பி, இரண்டு பிளாக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது உங்களுக்கே தெரியும். விஷம் இல்லை. நாலாவது குட்டி வாந்தி எடுத்த அன்றே நம் இரவுக் காவலாளி அதை ஆட்டோவில் வேப்பேரிக்குக் கொண்டுபோனார். அங்கே பரிசோதித்துப் பார்வோ என்றார்கள். அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது.

1978 வாக்கில் உலகெங்கும் பரவிய நோய் இது. 1980களின் தொடக்கத்திலேயே சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதை இங்கே கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைத்தான் அதிகம் தாக்கும். சோர்வு, சாப்பிட மறுப்பது, வாந்தி, பிறகு நாற்றமடிக்கும் ரத்தப்பேதி. வைரஸ் குடலின் உட்சுவரை அரிக்கிறது. எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கிறது. உடம்பில் நீர் வற்றுவதும், குடல் கிருமிகள் ரத்தத்தில் கலப்பதும்தான் குட்டியைக் கொல்கின்றன. சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

வைரஸை நேரடியாக ஒழிக்க வழக்கமான மருந்து எதுவும் இல்லை. நீர் ஏற்றுவது, வாந்தியை நிறுத்துவது, கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், வாந்தி அடங்கியதும் உணவு. சிகிச்சை இவ்வளவுதான். தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தால், தினமும் ஏறும் பில்லைப் பார்த்துப் பலர் பாதியில் கைவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2017-இல் வெளியிட்டார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் ரத்தக்குழாய் வழியே நீர் ஏற்றித் தேற்றினார்கள். பிறகு பாதியை மருத்துவமனையிலேயே வைத்தார்கள். மீதியைப் புறநோயாளி முறையில், தோலுக்கடியில் நீர் செலுத்தியும் ஊசி போட்டும் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவற்றில் 90 சதவீதமும், புறநோயாளி முறையில் 80 சதவீதமும் பிழைத்தன. ஆகவே மருத்துவரிடம் கூச்சப்படாமல், "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. தினமும் வந்து ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் பார்த்துக்கொள்ளலாமா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

நமக்கு வேப்பேரி கல்லூரி மருத்துவமனையும், மாதவரம் பால்பண்ணையில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள். குட்டியைப் பழைய துணியில் சுற்றித் தூக்கிச் செல்லுங்கள். அங்கே தரையில் விடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை: குட்டியைத் தனியே, கதகதப்பாக வையுங்கள். வாந்தி எடுக்கும்போது வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி அடங்கியபின் ஓ.ஆர்.எஸ். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு உப்பு காரமில்லாத குழைந்த சோறும் வெந்த கோழியும் துளித்துளியாக. துவண்டு விழுந்தால் ஈறில் சிறிது சர்க்கரைத் தண்ணீரைத் தடவி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். நாம் சாப்பிடும் பேதி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதுவும் வேண்டாம்.

சுத்தம் செய்வதற்குப் பினாயில் போதாது. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டையோ வேறு எதையுமோ கலக்கக் கூடாது. இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் செருப்பிலும் ஒட்டிவரும். ஆனால் இது மனிதருக்குத் தொற்றாது. யாரும் பயந்து குட்டியைத் தெருவில் விட வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் சில குட்டிகள் போய்விடும். அதனால்தான் தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும். எனவே ஒரு ஊசியோடு நிறுத்தக் கூடாது. ஒரு வருடம் கழித்து மறுபடி ஒன்று.

இனி என் வேண்டுகோள். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தச் சொல்லவில்லை. பழைய பேப்பர், அட்டைப்பெட்டி விற்று வரும் பணத்தைத் தனித் தலைப்பில் எழுதி, வளாகத்துக் குட்டிகளுக்கும் நம் காவலாளி, துப்புரவுப் பணியாளர் வீட்டுக் குட்டிகளுக்கும் ஊசி போடச் செலவிடலாம். ஒரு குட்டிக்குப் பார்வோ வந்து நாலு நாள் ஊசிக்கும் ஆட்டோவுக்கும் அலைவதைவிட இது குறைவாகவே ஆகும். பொருளாளர் சம்மதித்தால் அந்தக் கணக்கை நானே எழுதுகிறேன். மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன்.