மதுச்சாலையிற் பிறந்த பாட்டுச் சங்கம்



இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே, சபொக் மாவட்டத்தில், கடலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் அண்மையாக ஈஸ்ற்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் மதுச்சாலைக்கு 'ஈல்ஸ் பூட்' என்று பெயர். 'விலாங்கின் கால்' என்பது அதன் பொருள். விலாங்குக்குக் கால் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். பெயர் எவ்வாறாயினும் ஆகுக. ஆங்கில நாட்டுப் பாடல்களின் வரலாற்றிலே அந்தச் சிறு கட்டடத்துக்கு நீங்காத இடம் ஒன்று உண்டு.

மதுச்சாலை என்றவுடன் நமது ஊர்த் தவறணையை மனத்திற் கொள்ளுதல் பொருந்தாது. ஆங்கிலக் கிராமத்தில் அது குடிப்பதற்கு மாத்திரம் கூடும் இடமன்று. பகலெல்லாம் வயலில் உழைத்தவர் மாலையில் நெருப்பருகே குளிர்காய்ந்து, ஊர்ச் செய்தி பேசி, அயலவரோடு விளையாடிப் பொழுது போக்கும் பொது மண்டபமும் அதுவே.

ஈல்ஸ் பூட்டிலே சனிக்கிழமை இரவுகளிற் பாட்டு நிகழ்ந்தது. அது குடித்தவர்கள் எழுப்பிய கூச்சலன்று. சபைக்கு ஒரு தலைவர் இருந்தார். 1930களின் இறுதியில் அப்பணியைச் செய்தவர் பிலிப் லம்கின் என்பவர். அவர் சிறு சுத்தியலாலே தட்டி, 'ஒழுங்கு' என்று அமைதி வேண்டி, பாடவேண்டியவரை அழைப்பார். ஒருவர் பாட, ஏனையோர் கேட்பர். எல்லாரும் சேரும் அடி வரும்போது எல்லாரும் சேர்ந்துகொள்வர். 'பாடு, இல்லையேற் கதை சொல், இல்லையேற் பணங் கொடு' என்பது அப்பகுதிக் கூட்டங்களிலே வழங்கிய விதி. எனக்குப் பாட வராது என்று மூலையில் ஒதுங்க எவருக்கும் வழியில்லை. ஒருவருக்கு உரியதென்று ஊரார் கருதிய பாட்டை, அவர் இருக்கும்போது மற்றொருவர் பாடுதலும் மரியாதையன்று.

அங்குப் பாடியவர்களுள் 'வெல்வெற்' என்ற செல்லப் பெயர் பூண்ட பிரைற்வெல் ஒருவர். அவர் மகன் ஜம்போ பிரைற்வெல் தந்தையார் பாடக் கேட்டே தம் பாடல்கள் பலவற்றைக் கற்றார். தந்தையின் குரலே அவருக்கு ஏடு.

இத்தகைய பாடல்களைத் தேடி அறிஞர் சென்றது புதிதன்று. 1903ஆம் ஆண்டிலே செசில் சாப் சொமசெற் மாவட்டத்தில் ஒரு தோட்டக்காரர் பாடக் கேட்டு எழுதினார். அதே ஆண்டில் வோன் வில்லியம்ஸ் எசெக்ஸ் மாவட்டத்தில் அப்பணியைத் தொடங்கினார். அவர்களால் எத்தனையோ பாடல்கள் அழியாது தப்பின. எனினும், பாட்டைத் தாளில் எழுதலாம். அதைப் பாடிய சபையைத் தாளில் எழுத இயலுமோ?

அந்தச் சபையையே உலகம் கேட்கச் செய்தது வானொலி. பி.பி.சி.க்காக எழுதிவந்த ஏ. எல். லொயிட் ஈல்ஸ் பூட்டுக்குச் சென்றார். ஒலிப்பதிவாளரும் அங்குச் சென்றனர். 1939 ஜூலையில் 'ஈல்ஸ் பூட்டில் ஒரு சனிக்கிழமை இரவு' என்ற நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. தலைவரின் தட்டலும் உழவரின் குரலும் நாடெங்கும் கேட்டன. செப்டெம்பரில் உலகப் போர் மூண்டது.

போருக்குப் பின் தொலைக்காட்சி வந்தது. காசு போட்டாற் பாடும் பெட்டி வந்தது. கிராமத்துப் பாட்டு இரவுகள் பல இடங்களில் மெலிந்தன. ஆனால் 1950களின் நடுவிலே, கிற்றார் ஏந்திய நகரத்து இளைஞர் தம் நாட்டுப் பழம் பாடல்களைத் தேடத் தலைப்பட்டனர். நாட்டுப் பாடற் சங்கங்கள் எழுந்தன. 1961இல் இலண்டனில் எழுந்த பாடகர் சங்கத்தில், இவன் மக்கோலோடும் பெகி சீகரோடும் பாடியவர் அதே லொயிட் என்பது நினைக்கத்தக்கது.

இச்சங்கங்களுட் பல, மதுச்சாலைகளின் மாடியறைகளிலே கூடின. வார நாளிற் சும்மா கிடக்கும் அறையைக் கொடுத்தால் கடைக்காரருக்கு மது விலைப்படும்; சங்கத்துக்கோ மண்டபச் செலவு மிஞ்சும். வாயிலிற் சிறு கட்டணம். முதலில் உள்ளூரார் பாட்டு. பின்னர் விருந்தினர் பாட்டு. ஒழுங்கு காக்க ஒருவர் எழுந்து நிற்பார். லம்கின் இருந்த இடம் அதுவன்றோ!

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பேர்பெற்ற விருந்தினர் வருந்தோறும், கேட்பவர் கேட்பவராகவே இருந்துவிடும் ஆபத்து வளர்ந்தது. முன்னாளிலே ஈல்ஸ் பூட்டிற் கேட்டவரே பாடுபவர். உள்ளூரார் பாட நேரம் ஒதுக்கிய சங்கம் அந்த உயிரைக் காத்தது. ஒதுக்காத சங்கம் வெறும் அரங்காயிற்று.

ஜம்போ பிரைற்வெல் பாடிய இசைத்தட்டு 1975இல் வெளிவந்தது. 1979இல் அவர் மறைந்தார். அவர் குரலை இன்றும் கேட்கலாம். ஆனால் எந்தத் தட்டும், எந்த வானொலியும், 'அடுத்தது உமது முறை' என்று நம்மை அழைக்கமாட்டா. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். கூடியிருக்க ஓர் அறை வேண்டும். வானொலியிலிருந்தே இதைச் சொல்லவேண்டியிருக்கின்றது.