நஷ்டம் உண்டு, குற்றம் இல்லையாம்!

(செம்பரம்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



நாம் சட்டப் பரீட்சை கொடுத்தவர்களல்ல. தீர்ப்புகளைப் படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறோம். நாம் சொல்லுவதாலேயே நம்பிவிடாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடியானவனுக்கு அரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். பக்கத்து நிலக்காரன் ஆழ்குழாய் இறக்கி, இராப்பகலாய் நீரை உறிஞ்சி லாரியில் ஏற்றி விற்கிறான். குடியானவன் கிணறு வற்றிப் பயிர் கருகுகிறது. அவன் ஜோசியனிடம் போனால் "பூர்வ ஜென்மப் பலன்" என்கிறான். வக்கீலிடம் போனால் "நஷ்டம் உண்டப்பா, ஆனால் சட்டப்படி உனக்கு யாரும் குற்றம் செய்யவில்லை" என்கிறார். இதற்கு லத்தீன் பாஷையில் 'டாம்னம் சைனே இஞ்ஜூரியா' என்று ஒரு மந்திரமும் இருக்கிறது. நமக்குப் புரியாத பாஷையில் இருந்தால்தானே மந்திரம்! ஜோசியனுக்குத் தக்ஷணை, வக்கீலுக்கு பீஸ். குடியானவனுக்கு வெறுங்கை.

ஆனால் இவ்விரண்டு பதிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பூர்வ ஜென்மத்தை யாரும் பார்த்ததில்லை. சட்ட விதியோ மனிதன் எழுதியது. எந்த வருஷம், எந்த வழக்கில், என்ன காரணத்துக்காக எழுதினான் என்று கண்டுபிடித்து விடலாம். காரணம் செத்துப்போயிருந்தால் விதியையும் மாற்றலாம்.

இவ்விதி முழுவதும் அக்கிரமம் என்று சொல்ல வரவில்லை. 1410ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ஒருவர் புதிதாகப் பள்ளிக்கூடம் வைத்தார். பழைய வாத்தியார்கள் 40 பென்ஸ் வாங்கிய இடத்தில் 12 பென்ஸ்தான் கிடைத்தது. பிராது போட்டார்கள். தள்ளப்பட்டது. சரிதானே? போட்டி வைப்பதே குற்றமென்றால், படிப்பு ஒரு கூட்டத்தாரின் சொத்தாகவே அல்லவா இருந்திருக்கும்!

இனி நம் நாட்டு ஏரி வழக்கு ஒன்றைக் கேளுங்கள். அந்நாள் வட ஆற்காடு ஜில்லாவிலும் இந்நாள் ஆந்திராவிலும் உள்ள கார்வேட்டிநகரம் ஜமீனில், பெருமழையில் ஏரிகள் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தின. கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குத் தொடுத்தது. இங்கிலாந்தில் ஆலைக்காரன் ஒருவன் கட்டிய நீர்த்தேக்கம் அயலான் சுரங்கத்தை மூழ்கடித்தபோது, கட்டியவன் மேல் தவறில்லாவிட்டாலும் அவனே பொறுப்பு என்று 1868ல் தீர்ப்பாகியிருந்தது. அதையே இங்கும் செலுத்தும்படி கேட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் 1874ல் மறுத்துவிட்டது. இந்நாட்டு ஏரிகள் தனி மனிதனின் சௌகரியத்துக்காக ஏற்பட்டவையல்ல, பூர்வீகமாக ஜனங்களின் ஜீவனத்துக்காக இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அவர் பக்கம் கவனக்குறைவு இல்லை, ஆகவே கம்பெனிக்கு நஷ்டமிருந்தாலும் ஈடு கிடையாது என்றது. அதாவது, சீமை விதியை அப்படியே இறக்காமல் நம் நாட்டு நிலைமையைப் பார்த்தார்கள்.

ஏரிக்குப் பார்த்த நியாயத்தைக் கிணற்றுக்குப் பார்த்தார்களா? இல்லை. 1843ல் இங்கிலாந்தில் சுரங்கம் தோண்டியதால் நூல் ஆலைக்காரரின் கிணறு வற்றியது. பூமிக்குள் நீர் எப்படி ஓடுகிறதென்று யாருக்குத் தெரியும், ஆகையால் நிலக்காரன் தன் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிராட்போர்டு நகரத்துக்குப் போகும் நீரைத் தடுக்க ஒருவர் தம் நிலத்தில் பள்ளம் தோண்டினார். தம் நிலத்தை நல்ல விலைக்கு நகரசபை தலையில் கட்டவே இப்படிச் செய்தார் என்றும் வாதித்தார்கள். எண்ணம் கெட்டதாயிருந்தாலும் செய்கை சட்டப்படி சரியே என்று 1895ல் தீர்ப்பு வந்தது. நம் நாட்டிலோ 1882ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தின் 7வது பிரிவில் நிலத்தடி நீர் நிலக்காரனுக்கே என்ற கருத்தை எழுதியே வைத்துவிட்டார்கள். நிலமில்லாதவனுக்கு நீரில் உரிமை ஏது?

அன்று பூமிக்கடியில் நடப்பது தெரியாது என்றார்கள். இன்று எந்தப் பாறையில் எவ்வளவு நீர், எவ்வளவு இறைத்தால் எவ்வளவு இறங்கும் என்று அளக்கிறார்கள். காரணம் போய்விட்டது, விதி மட்டும் நிற்கிறது. பழைய வழக்கமென்று நாம் கட்டிக்கொண்டு அழும் மற்றவற்றின் கதையும் இதுதானே?

மாற்ற முடியாததல்ல இது. சென்னைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் 1987லேயே நிலத்தடி நீர்ச் சட்டம் செய்து, கிணறு தோண்ட அனுமதியும், நீரை ஏற்றிச் செல்ல லைசென்ஸும் வேண்டுமென்றார்கள். கேரளத்துப் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை நீர் எடுத்த வழக்கில், நிலத்தடி நீர் ஜனங்களின் பொதுச் சொத்து என்றார் ஒரு நீதிபதி, 2003ல். நிலக்காரனுக்கு உரிமையுண்டு என்றது அதே ஹைக்கோர்ட்டின் பெரிய பெஞ்சு, 2005ல். ஒரே கிணறு, இரண்டு நியாயம்! இது தெய்வ வாக்கானால் இரண்டாக இருக்குமா?

கடைசியாக இவ்வூர் ஏரியைப் பற்றி. 2015 டிசம்பர் 1ந் தேதி இங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியபோது "இயற்கையின் சீற்றம்" என்றார்கள். சட்டப் புத்தகத்திலும் 'தெய்வச் செயல்' என்றே ஒரு வார்த்தை இருக்கிறது. பாவம், கடவுளை அங்கேயும் பிரதிவாதிக்குச் சாக்ஷியாக்கி விட்டார்கள்! ஆனால் கார்வேட்டிநகரம் ஜமீன்தார் தப்பியது கடவுளாலல்ல, கவனமாயிருந்ததால். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: கவனமாயிருந்தார்களா? நீர் திறந்த முறையில் குறை உண்டென்று கணக்குத் தணிக்கை அறிக்கையே 2018ல் சட்டசபைக்கு வந்தது.

தோழர்களே! "நஷ்டம் உண்டு, குற்றம் இல்லை" என்று யாராவது சொன்னால் நெற்றியில் அடித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோட்டைக் கிழித்தவன் யார், எப்போது, யாருக்காக என்று கேளுங்கள். உங்கள் கிணற்றில் நீர் எந்த மாதம் எத்தனை அடி இறங்கிற்று என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஊராரோடு சேர்ந்து மனுப் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் புதிய சட்டம் கேளுங்கள். தலையில் எழுதியதை யாரும் படித்ததில்லை. சட்டத்தில் எழுதியதைப் படிக்கலாம், திருத்தியும் எழுதலாம்.