கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகள்



பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவில் நாகூர் தர்காவைத் தாண்டி நேரே நடந்தால், பீச் தெருவைக் கடந்து துறைமுகத்துக்கே வந்துவிடலாம். இரண்டு உலகப் போர்களும் தொட்டுப் போன கரை இது. முதல் போரில் பட்ட அடியிலிருந்து இரண்டாவது போருக்குப் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்?

1914 அக்டோபர் 28, விடியற்காலை. சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பலைப் போல இங்கே நுழைந்தது. நங்கூரமிட்டு நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. செம்சுக்கின் தளபதி அப்போது கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். பீரங்கிக் குண்டுகளில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தது. அசட்டையே அந்தக் கப்பலைக் கவிழ்த்தது என்பேன்.

ஆனால் எதிரி கடல் வழியே வருவான் என்பதுதான் ஆட்சியாளர்கள் மனத்தில் ஊறிய பாடம். 1930களில் தீவின் தென்கிழக்கே பத்து மாவுங் குன்றில் கோட்டை கட்டி, கடலைப் பார்த்துப் பீரங்கிகளை நிறுத்தினார்கள்.

வேறு விதமாக எச்சரித்தவர்களும் இருந்தார்கள். மலாயா படைத்தலைவர் டாபி, 1937லேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜப்பானியர் தென் சயாமிலும் கிளந்தான் கரையிலும் இறங்கித் தரை வழியாக வருவார்கள், பருவமழை அவர்களைத் தடுக்காது என்றார். அந்த ஆய்வில் அவருக்குத் துணை நின்ற பெர்சிவல்தான் 1941இல் மலாயாவின் படைத்தலைவர்! எச்சரிக்கை தாளில் இருந்தது. அதற்கு வேண்டிய விமானமும் டாங்கியும் வரவில்லை.

1941 டிசம்பர் 8, ஜப்பானியர் தென் சயாமின் சொங்க்லா, பட்டானியிலும் கிளந்தானின் கோத்தா பாருவிலும் இறங்கினார்கள். 11ஆம் தேதி ஜார்ஜ் டவுனுக்கு மேலே விமானங்கள் வந்தன. விமானத் தாக்குதலையே அறியாத சனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நகரத்தில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கிகூடக் கிடையாது. பல நூறு பேர் மாண்டார்கள். அதே நாளில் வடக்கே ஜித்ராவில், டாங்கியைக் கண்ணாலும் பார்த்திராத இந்தியச் சிப்பாய்கள் டாங்கிகளை எதிர்கொண்டார்கள்.

சில நாளில் ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிவிட்டுப் பட்டாளம் வெளியேறியது. வானொலி நிலையத்தையும் படகுகளையும் அழிக்காமல் விட்டுப் போனார்கள். அந்தப் படகுகளில் ஏறி ஜப்பானியர் மேற்குக் கரையோரமாகத் தெற்கே போய், பிரிட்டிஷ் படையின் முதுகுப்புறம் இறங்கினார்கள்.

பின்னால் ஆள் வந்துவிட்டான் என்றதும் பின்வாங்குவது மலாயா முழுக்க நடந்தது. இந்தத் தோல்வியைத்தான் பிறகு இந்திய ராணுவம் ஒழுங்காகப் படித்தது. சிப்பாய்களுக்குக் காட்டுப் போர்ப் பயிற்சி தந்தார்கள். சூழ்ந்துகொண்டாலும் இடத்தை விடாதே, சாப்பாடும் தோட்டாவும் ஆகாயத்திலிருந்து வரும் என்றார் பர்மாப் போர்முனையின் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம். 1944இல் அரக்கானிலும் இம்பாலிலும் அது பலித்தது.

பட்டாளம் போன பின் பினாங்கு மக்களைக் காத்தது யார்? இலங்கைத் தமிழரான சரவணமுத்து, 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' ஆசிரியர். ஊர்ப் பெரியவர்களோடு குழு அமைத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். இங்கே படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் அறிவித்தார். எந்தத் தளபதியின் திட்டத்திலும் அந்த மக்களுக்கு இடம் இருக்கவில்லை. நேயர்களே, பத்து மாவுங் கோட்டை இன்று அருங்காட்சியகம். பிள்ளைகளை அழைத்துப் போகும்போது சரவணமுத்துவின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.