பல்கலைக்கழகச் செய்தியும் நம் இல்லங்களும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பல்கலைக்கழகத்தில் நிகழவிருப்பனவற்றை நாம் அறிந்து ஆவதென்னை என்று வினவுவார் இவ்வவையிற் சிலர் இருத்தல் கூடும். அது படித்தார் செய்தி, உழவும் வாணிபமும் உடைய நமக்கு அதில் யாது தொடர்பு என்பது அவர் கருத்து. யாமும் ஒரு காலத்தே அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரை நோக்குங்கள். 1920-இல் மீனாட்சி கல்லூரியாகத் தோன்றி, 1929-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அந்நிலையம். 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதையே பணியாகக் கொண்டிருந்தது. அண்ணாமலைநகரோ ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உறையும் ஊராகவே அமைக்கப்பெற்றது. அத்தகைய ஊரில் வகுப்பு முடிந்ததும் கல்வி முடிந்துவிடுவதில்லை. மாலையிற் சொற்பொழிவுண்டு, இசையரங்குண்டு. 1941-இல் அங்குக் கூடிய தமிழிசை மாநாட்டின் முழக்கம் அவ்வூர் எல்லையுள் அடங்கிற்றா? இசையரங்குகளில் தமிழ்ப்பாட்டுக்கு உரிய இடம் யாது என்னும் வழக்கு நாடெங்கும் எழுந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமும் தோன்றிற்று. பல்கலைக்கழகச் செய்தி நம் வீட்டுத் திருமணப் பந்தல்வரை வந்த வகை இது.

ஆங்கில நாட்டு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1870-ஆம் ஆண்டிலேயே தத்தமக்கென ஓர் அறிவிப்பிதழ் வெளியிடத் தலைப்பட்டன. விரிவுரை எந்நாள், தேர்வு எந்நாள், எப்பதவி ஒழிந்துளது என்பன அவற்றுள் அச்சாயின. அங்குள்ளார்க்கு அது போதும். தொலைவிலுள்ள சிற்றூரார்க்கு யார் சொல்வார்?

இனி எம் குற்றம் ஒன்றைக் கூறுகின்றோம். எம்மிடம் பயின்ற ஏழை மாணவன் ஒருவன். தமிழில் அவனுக்கு நிகர் அவ்வகுப்பில் இல்லை. அவன் போன்றார்க்கு உதவித்தொகை உண்டென ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அறிவிப்பு, எம் மேசைமேலேயே உறை பிரியாமற் கிடந்தது. தேர்வுத்தாள் திருத்தும் விரைவில் யாம் அதனை நோக்கினோமில்லை. பிரித்தபோது கெடுநாள் கழிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவனை உடன்கொண்டு சென்று வேண்டினோம். அடுத்த ஆண்டு வருக என்றனர். அடுத்த ஆண்டில் அவன் ஓர் அரிசி மண்டியிற் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். எம்மைக் காணுந்தோறும் எழுந்து கைகூப்புகின்றான். அதுவே எமக்குப் பொறுக்கலாற்றாத தண்டனை.

இந்நாளில் அறிவிப்புகள் கைப்பேசியிலும் வருகின்றனவே என்பீர். வருகின்றன, ஆயினும் தேடத் தெரிந்தார்க்கே அவை தென்படும். பட்டம் பெற்ற பிள்ளைகளின் படத்தை அச்சிட நம் திங்களிதழில் இடம் உண்டு. விண்ணப்பிக்க வேண்டிய நாளை அச்சிட மட்டும் இடம் இன்றிப் போயிற்று!

ஆதலின் திங்கள்தோறும் இரண்டு பக்கம் வேண்டுகின்றோம். விண்ணப்ப நாள், உதவித்தொகை, பொதுமக்கள் சென்று கேட்டற்குரிய சொற்பொழிவு ஆகியன அவற்றில் வருக. பல்கலைக்கழகம் உள்ள ஊர்களில் வாழும் உறுப்பினர் அவற்றைத் திரட்டி அனுப்புவாராக. சொற்பொழிவுக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பொருள் விளங்காவிடினும், அம்மண்டபத்தில் ஒருமுறை அமர்ந்த பிள்ளை பின்னர் அதன் வாயிலைக் கண்டு அஞ்சாது.

முதற்றிங்களுக்குரிய செய்திகளை யாமே எழுதிக் கொணர்ந்துள்ளோம். செயலாளர் அவர்கள் இப்பொழுதே பெற்றுக்கொள்ள வேண்டுகின்றோம்.