எழுத்தின் சாவி யார் கையில்?

(மே 5, அயோத்திதாசப் பண்டிதர் நினைவு நாளில் கீரிப்பாறையில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பால்வெட்டுக்குப் போய், பாலெடுத்து, அளந்து கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் களைப்புக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. “பண்டிதர் நினைவு நாளில் மென்பொருளுக்கு என்ன வேலை?” என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் ஒரு சிடியில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இந்தத் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டே கதை எழுதிய ஓர் அண்ணாச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி, 2003இல் நாகர்கோவிலில் ஒரு டிடிபி சென்டரில் கூலி கொடுத்துத் தட்டச்சு செய்தார். ஒன்பது கதைகள். புத்தகம் போடப் பணம் சேரவில்லை. நோட்டுகளை மழையும் செல்லும் தின்றன. “போனா போட்டு மக்கா, சிடியில போட்டு வச்சிருக்கேன், அது அழியாது” என்றார். அவர் இறந்த பிறகு, 2019இல், அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தச் சிடியை அக்கா எடுத்துக் கொடுத்தார்.

சிடி அழியவில்லை. ஆனால் திறக்க முடியவில்லை. கதைகள் பேஜ்மேக்கர் கோப்பில் இருந்தன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன்பின் நிறுவனம் அதைக் கைவிட்டுவிட்டது. ஒரு பழைய கணினியில் எப்படியோ திறந்தோம். தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டிக் கிடந்தன. அந்த எழுத்துரு விலைக்கு வாங்குவது. கணினியின் முதுகில் ஒரு பூட்டுச் சாவியைச் செருகினால்தான் வேலை செய்யும். டிடிபி சென்டர் மூடிப் பல வருடம். நடத்தியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இதைப் பண்டிதரின் எழுத்தோடு வைத்துப் பாருங்கள். ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து வந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போன நம் மக்களிடமும் அந்த இதழ் போய்ச் சேர்ந்தது, பின்னாளில் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே ‘தமிழன்’ இதழைத் தொடர்ந்தார். அந்தப் பழைய தாள்களையெல்லாம் தேடி, ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் நூலாக்கியது. எண்பத்தைந்து ஆண்டு பழைய, பழுப்பேறிய தாளைப் படிக்க ஒரு ஜோடிக் கண் போதுமானதாக இருந்தது. நம் அண்ணாச்சியின் பதினாறு வருடக் கோப்பைப் படிக்க ஒரு நிறுவனத்தின் அனுமதி தேவைப்பட்டது.

நாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். தாளில் எழுதியது எழுதியவருடையது. பூட்டிய மென்பொருளில் எழுதியது பாதிதான் எழுதியவருடையது. மீதிப் பாதி சாவி வைத்திருப்பவருடையது.

ஏடும் அச்சும்

எழுத்தைப் பூட்டி வைப்பது நமக்குப் புதிதல்ல. யார் ஏட்டைத் தொடலாம், யார் படிக்கலாம், யார் காதில் விழலாம் என்று சட்டம் போட்ட சமூகம் இது. ஆனால் நம்மிடமும் ஏடு இருந்தது. தம் பாட்டனார் கந்தப்பன் தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டைத் தாம் வேலை பார்த்த ஹாரிங்டன் துரை மூலமாக எல்லீஸிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். சமையற்கட்டில் வேலை பார்த்தவர் கையிலிருந்து போன ஏடு அது. தனக்கென்று பூட்டி வைக்கத் தெரியாமல் அல்ல. நாலு பேர் படிக்க வேண்டும் என்றே கொடுத்தார்.

அடுத்தது அச்சு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’, 1927இல் ‘பஹிஷ்கிருத் பாரத்’ தொடங்கினார். பாரத் பூஷண் என்று அச்சகமே நிறுவினார். அடுத்தவர் இதழில் இடம் கேட்டு நிற்பதல்ல வழி, கருவியே நம் கையில் இருக்க வேண்டும் என்பதை முன்னோர் கண்டுகொண்டார்கள். இன்றைக்கு அச்சகம் என்பது நம் மடியிலிருக்கும் கணினியும் கையிலிருக்கும் போனும். அது யாருடைய அச்சகம் என்று நாம் கேட்டோமா?

நான்கு உரிமைகள்

வேறொரு மூலையில் இதே கேள்வியைக் கேட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். அங்கே ஒரு பிரிண்டர் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அதன் மூலநிரலைக் கேட்டார். தர மறுத்தார்கள். சமையல் குறிப்பை மறைத்துவிட்டுச் சோற்றை மட்டும் விற்பது போன்ற இந்த ஏற்பாட்டை எதிர்த்து, 1983 செப்டம்பர் 27 அன்று ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘லினக்ஸ்’ அதோடு சேர்ந்தது. கட்டற்ற மென்பொருள் என்ற இயக்கம் வளர்ந்தது.

அது நான்கு உரிமைகளைச் சொல்கிறது: எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம். எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்த்துக் கற்கலாம், தேவைக்கு மாற்றலாம். பிறருக்குப் பிரதி கொடுக்கலாம். மாற்றியதையும் பிறரோடு பகிரலாம். பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் விஷயம் காசல்ல. திருட்டுப் பிரதியும் காசில்லாமல்தான் கிடைக்கிறது. பல வருடம் நாமும் அதில்தான் துண்டறிக்கை அடித்தோம். திருட்டுப் பிரதி பூட்டை உடைப்பதில்லை. அதே பூட்டுக்கு ஒரு கள்ளச் சாவி, அவ்வளவுதான்.

இப்போது சிடிக்குத் திரும்புவோம். லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்குகிறவர்கள் 2014இல் ‘ஆவண விடுதலைத் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நிறுவனங்கள் கைவிட்ட கோப்பு வடிவங்களை ஆராய்ந்து, அவற்றைத் திறக்கும் நிரல்களை எழுதிப் பொதுவில் வைப்பது அதன் வேலை. 2015 முதல் லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கர் கோப்பையும் திறக்கிறது. அண்ணாச்சியின் கோப்பிலிருந்த வரிகளை அதன் மூலமாகத்தான் பிரித்தெடுத்தோம்.

எழுத்துருப் பூட்டு மீதமிருந்தது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்தவை. ‘பாமினி’யில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி வரும். எழுத்துரு போய்விட்டால் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளியாகத் தெரியும். பாமினி போல ஊரறிந்த எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் கட்டற்ற நிரல்கள் இருக்கின்றன. நம்முடையது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நிரல் திறந்திருந்தது. பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள், கணினி அறிவியல் படிப்பவர், அரசு கொடுத்த மடிக்கணினியில் அதைத் திறந்தார். அண்ணாச்சி பென்சிலால் திருத்தியிருந்த பன்னிரண்டு பக்க புரூஃப் தாள் மட்டும் மிஞ்சியிருந்தது. தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக அட்டவணை போட்டார்.

முதல் முயற்சியில் கொம்புகளெல்லாம் எழுத்தைப் பிரிந்து தனியே நின்றன. பழைய எழுத்துரு ‘பெ’யில் கொம்பை முதலில் வைக்கும், ஒருங்குறி மெய்யை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்கும். வரிசையை மாற்றிப் போட இன்னும் நாலு நாள் ஆனது. ஏழு கதைகள் மீண்டன. சிடி கீறலில் இரண்டு கதைகள் போயே போய்விட்டன. அதில் ஒன்று அவருடைய அம்மாவைப் பற்றியது என்று அக்கா சொன்னார். அதை எந்த மென்பொருளும் மீட்காது.

நம் வரலாறும் உண்டு

தமிழில் இந்த வேலையைத் தோள்மேல் போட்டுச் செய்தவர்கள் பலர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் தட்டச்சால் இணையத்தில் ஏற்றியது. முகுந்தராஜின் ‘எ-கலப்பை’ தமிழ்த் தட்டச்சை இலவசமாக மட்டுமல்ல, திறந்த நிரலாகவும் தந்தது. சீனிவாசனும் நண்பர்களும் 2012இல் ‘கணியம்’ இதழையும், 2013இல் கட்டற்ற தமிழ் மின்னூல் திட்டத்தையும் தொடங்கினார்கள். நம் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். அங்குள்ள சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்கு ‘மீரா இனிமை’ என்று ஒரு எழுத்துருவையே செய்து கொடுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் என்ன செய்தோம்?

செய்தவர் ஒருவர் உண்டு. தலித் சமூகத்திலிருந்து வந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர். 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்குப் போகும் கணினிகளிலும் லினக்ஸ் இருக்க வழி செய்தார். தமிழ்நாட்டு அரசு நிர்வாகத்தில் இதை வெறும் பேச்சாக விடாமல் செய்து காட்டியவர்களில் முன்வரிசைக்காரர். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழ் பொய் என்று சொல்லிப் பணியிடைநீக்கம் செய்தார்கள். தலித் அமைப்புகள் எதிர்த்தன. அந்த ஆண்டே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய சான்றிதழுக்காகக் குரல் கொடுத்த நாம், அவர் செய்த வேலை எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. 2011இல் வந்த அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற கட்டற்ற இயங்குதளமும் இருந்தது. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்தார்கள்? திறந்து காட்ட ஆள் இல்லை. இது நம்மேல் நாமே வைக்கும் விமர்சனம்.

இலவசமும் ஊழியமும்

ஒரு சந்தேகத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். “கூலியில்லாமல் உழைப்பதிலிருந்து வெளியே வரத்தான் நம் பாட்டன் பூட்டன் போராடினான். இப்போது எழுத்தையும் இலவசமாகக் கொடு என்கிறீர்களா?” என்று ஒரு தோழி கேட்டார். ஊழியம் என்ற சொல்லின் பாரம் தெரிந்த மண் இது. அவர் கோபம் சரி. கட்டற்ற கருவியில் எழுதுவது வேறு. எழுத்தை இலவசமாகக் கொடுப்பது வேறு. லிப்ரே ஆபீஸில் எழுதிய நாவலை விலைக்கு விற்கலாம், ராயல்டி வாங்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பகிர்வதா, வணிகத்துக்குக் கூடாது என்று நிபந்தனை போடுவதா, பகிரவே வேண்டாமா என்பது எழுதியவர் முடிவு.

இன்னொன்று. இந்த மென்பொருள் கூட்டங்களுக்கு நாங்கள் போயிருக்கிறோம். நம் ஆட்களை விரல்விட்டு எண்ணலாம். பெண்கள் இன்னும் குறைவு. நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது. ஆங்கிலம், ஓய்வு நேரம், மேசை நாற்காலி எல்லாம் வேண்டியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காகத் தெரு சமமாகிவிடாது. ஆனால் கதவே பூட்டியிருக்கும் இடத்தில் நாம் போராட வேண்டியது இரண்டு மடங்கு.

செய்ய வேண்டியவை

இனி நம் மன்றத்துக்கு வரும் எழுத்தெல்லாம் ஒருங்குறியில் இருக்கட்டும். 1991இலேயே தமிழ் அதில் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. போனில் தட்டச்சு செய்வதும் பெரும்பாலும் ஒருங்குறிதான், பயப்பட ஒன்றுமில்லை. கோப்பை லிப்ரே ஆபீஸின் ஓடிடி வடிவத்தில் வையுங்கள். 2006 முதல் அது உலகத் தர வடிவம், எந்த நிறுவனமும் அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது. கூடவே வெறும் உரைக் கோப்பாக ஒரு பிரதி. மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். அச்சகத்தில் புத்தகம் கொடுத்தால் பிடிஎஃப் மட்டும் வாங்கி வராதீர்கள். மூலக் கோப்பையும் கேளுங்கள். காசு கொடுத்தது நாம்.

விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால், பழைய கணினிகளைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். போட வேண்டாம், இங்கே கொண்டுவாருங்கள். லினக்ஸ் போட்டால் எழுதவும் படிக்கவும் அவற்றில் பல இன்னும் ஓடும். அந்தப் பெண்பிள்ளை மாதம் ஒரு ஞாயிறு சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் உழைப்புக்கு மன்றம் படி கொடுக்கும். ஊழியம் வேண்டாம் என்று சொன்ன வாயால் ஊழியம் வாங்கக் கூடாது.

அவர் போட்ட எழுத்துரு அட்டவணையைப் பொதுவில் ஏற்றிவிட்டோம். எங்கோ ஒரு ஊரில், இதே போல் ஒரு சிடியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் ஒருவருக்கு அது உதவும். கந்தப்பன் கை மாற்றிக் கொடுத்த ஏட்டின் வழி அதுதான்.

அண்ணாச்சியின் ஏழு கதைகளும் அச்சுக்குத் தயாராக இருக்கின்றன. புத்தகத்தின் கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கங்கள் விடச் சொல்லியிருக்கிறோம். தொலைந்த கதைகளை அவர் வாயால் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். நினைவிருப்பதைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.