பிளக்கினுள் ஒரு கணக்கு



மின்சார அடுப்பொன்றின் மீது ‘230 வோல்ட், 2000 வாட்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இயல்பை அறிய அவ்விரண்டு எண்களே போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது மின்திறன். ஆதலின் 2000ஐ 230ஆல் வகுத்தால், அடுப்பில் ஓடும் மின்னோட்டம் 8.7 ஆம்பியர் என்று கிடைக்கிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. அது சுமார் 26.4 ஓம். ஜெர்மானியப் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்ட விதி இதுவே.

விடை வந்ததும் நாம் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆனால் அதே 8.7 ஆம்பியர் சுவரிலுள்ள கம்பியிலும், பிளக்கிலும், அதனுள்ளிருக்கும் சிறு திருகுகளிலும் ஓடுகிறதன்றோ? அவற்றின் தடை மிகச் சிறிது என்று கணக்கில் சேர்ப்பதில்லை. திருகுகள் இறுக்கமாக உள்ளவரையில் அது சரியே.

அவற்றுள் ஒன்று தளர்ந்துவிட்டதாகக் கொள்வோம். கம்பியும் பித்தளையும் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. அவ்விடத்தில் 1 ஓம் தடை தோன்றிவிட்டது. ஒரே ஒரு ஓம்தானே என்று எண்ணத் தோன்றும். மொத்தத் தடை இப்போது 27.4 ஓம், மின்னோட்டம் 8.4 ஆம்பியர். தளர்ந்த இடத்தில் எழும் வெப்பத்தைக் காண, மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்க வேண்டும். கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, நீர் சூடேறுவதை அளந்து, ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்ட முறை இது. 8.4ஐ 8.4ஆல் பெருக்கிப் பாருங்கள். சுமார் 70 வாட்!

பழைய 60 வாட் இழை விளக்கு எரியும்போது அதைக் கையால் பற்ற முடியாது. அதனினும் மிகுந்த வெப்பம் இங்கே ஓர் அரிசிமணியளவு இடத்தில், மூடிய உறைக்குள், வெளியேற வழியின்றி எழுகிறது.

‘பியூஸ் உருகி நம்மைக் காக்காதா?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பியூஸ் மின்னோட்டம் மிகுந்தால்தான் உருகும். இங்கோ மின்னோட்டம் 8.7இலிருந்து 8.4ஆகக் குறைந்திருக்கிறது! மிகை மின்னோட்டத்திற்குத் துண்டிக்கும் தானியங்கி விசையும் இந்த நிலையில் வாளாவிருக்கும். அடுப்பின் திறன் 2000 வாட்டிலிருந்து சுமார் 1860 வாட்டாகக் குறைகிறது. சமைப்பவர் அதை உணர்வது அரிது. இதனிடையே சூட்டினால் உலோகத்தின்மேல் ஆக்ஸைடுப் படலம் படிகிறது; தடை ஏறுகிறது; அதனால் சூடும் ஏறுகிறது. பிளக்கின் ஓரம் பழுப்பேறுவதும், கருகிய வாடை வருவதும் இதன் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் சுவிட்சை நிறுத்திவிட்டு, மின்பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள். நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் இருக்கிறது. 6 வோல்ட் மின்கலத்தையும் அதற்கேற்ற சிறு விளக்கையும் இணையுங்கள். வோல்ட்மானியை வழக்கம்போல் விளக்கின் இருபுறமும் வைக்காமல், ஒரு திருகு இணைப்பின் இருபுறமும் வையுங்கள். முள் சுழியை ஒட்டி நிற்கும். இனித் திருகைச் சற்றே தளர்த்தி, முள்ளைக் கவனியுங்கள்.